இலவச முகாமில் ‘அடைப்பு’ என்றார்கள்: டாக்டரையும் இன்சூரன்ஸையும் எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: திருமங்கலத்தில் நடந்த இலவச இதய முகாமில் என் அப்பாவுக்கு (62) ஈசிஜி எடுத்தார்கள். “அடைப்பு மாதிரி தெரியுது, உடனே ஆஞ்சியோ பண்ணணும், இன்சூரன்ஸை நாங்க பார்த்துக்குறோம்” என்று ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைக்கிறார்கள். அங்குள்ளவர் உண்மையிலேயே இதய நிபுணரா? என் கம்பெனி இன்சூரன்ஸ் அங்கே செல்லுமா?

பதில்: “நாங்க பார்த்துக்குறோம்” என்று சொன்னவர் டாக்டரா, இல்லை மருத்துவமனைக்கு ஆள் பிடிப்பவரா? அதை முதலில் விசாரியுங்கள். ஒரு ஈசிஜியை மட்டும் வைத்து ரத்தக்குழாயில் எவ்வளவு அடைப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, திடீர் வியர்வை இருந்தால் இதை மேலே படிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் ஈசிஜி தாளைக் கேட்டு வாங்கி, ஓரிரு நாளில் வேறு இதய நிபுணரிடம் காட்டுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே இதயப் பிரிவு இருக்கிறது. அங்கே கூட்டம் இருக்கும், கமிஷன் இருக்காது.

இதய நிபுணர் என்றால் எம்.டி.க்கு மேல் டி.எம். கார்டியாலஜி, அல்லது அதற்குச் சமமான டி.என்.பி. கார்டியாலஜி படித்திருக்க வேண்டும். ஃபெலோஷிப், சர்டிஃபிகேட் என்று போர்டில் நீளும் எழுத்துகளைப் பார்த்து மயங்காதீர்கள். மருந்துச்சீட்டில் பதிவு எண் இருக்கும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் அதைப் போட்டுத் தேடலாம்.

இங்கே ஒரு சிக்கல். தேடினால் சில நல்ல டாக்டர்களுக்கும் எம்.பி.பி.எஸ். மட்டுமே காட்டும். மேற்படிப்பைத் தனியாக விண்ணப்பித்துச் சேர்க்க வேண்டும். சிலர் சேர்த்திருக்க மாட்டார்கள், சேர்த்தாலும் இணையத்தில் ஏறத் தாமதமாகும். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவர் தமிழ்நாட்டுப் பட்டியலில் வராமலும் போகலாம். அதனால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். டி.எம். எந்தக் கல்லூரியில், எந்த வருடம் என்று அவரிடமே கேளுங்கள். படித்தவருக்கு அதைச் சொல்வதில் கூச்சம் இருக்காது.

அடுத்து இன்சூரன்ஸ். நம் ஊரில் காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தம் போடுவது மருத்துவமனையோடு, டாக்டரோடு அல்ல. ஒரே டாக்டர் மூன்று இடங்களில் பார்ப்பார். ஒன்றில் கேஷ்லெஸ் (பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது) இருக்கும், மற்றதில் இருக்காது. மருத்துவமனை வரவேற்பில் “உண்டு சார்” என்பது போதாது. இன்சூரன்ஸ் அட்டையில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, பாலிசி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அப்பாவின் பெயர் பாலிசியில் இருக்கிறதா, அவருக்கு கோ-பே (பில்லில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு, அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்பதையும் கேளுங்கள். வரம்பை மீறிய அறை எடுத்தால், பல பாலிசிகளில் வாடகையோடு மற்ற கட்டணங்களிலும் விகிதப்படி கழிப்பார்கள்.

முகாம்காரர்கள் சொல்லாத ஒன்று: பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்ற விதி பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. ஆஞ்சியோகிராம் என்பது ரத்தக்குழாயைப் படமெடுத்துப் பார்க்கும் பரிசோதனைதான். அடைப்பு இல்லை என்று வந்தால் சந்தோஷம், ஆனால் பில் உங்கள் தலையில் விழலாம். ஆகவே இன்சூரன்ஸ் கம்பெனியின் முன் அனுமதி வாங்கி, தொகையை எழுத்தில் பார்த்த பிறகே அட்மிஷன். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்று 2024-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது. ஆனால் உங்களுக்கு “பேப்பர் இன்னும் வரலை” என்று மருத்துவமனையும் டி.பி.ஏ.வும் (இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கோரிக்கைகளைக் கவனிக்கும் நிறுவனம்) மாறி மாறிச் சொல்லும் பதில்தான் கிடைக்கும். கோரிக்கை எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ புகார் தளத்தில் புகார் போடுங்கள்.