எஃப்.எஃப்.டி.யை மாற்றினால் எஸ்.என்.ஆர். ஏன் மாறுகிறது?

கேள்வி: பல்லடத்தில் வீட்டு மாடியில் ஆன்டெனா கட்டி, ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். வி4 டாங்கிளில் (கணினியில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்) கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸைக் கேட்கிறேன். கேரியரின் (நிலையத்தின் அடிப்படை அலை) உச்சிக்கும் இரைச்சல் தளத்துக்கும் (திரையில் இரைச்சல் நிற்கும் மட்டம்) 60 டெசிபல் வித்தியாசம். இதைத்தான் எஸ்.என்.ஆர்., அதாவது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், என்று எடுத்துக்கொள்கிறேன். எஃப்.எஃப்.டி. (சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) அளவை 4096-இலிருந்து 32768 ஆக்கினால் 69 ஆகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே அரைகுறை எண்கள். இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடப்பது. எவ்வளவு அதிர்வெண் அகலத்துக்கு அளக்கிறோமோ அவ்வளவு சேரும். அகலத்தைச் சொல்லாமல் எஸ்.என்.ஆர். சொல்வதில் பொருளே இல்லை.

விநாடிக்கு 24 லட்சம் சாம்பிள் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 4096 புள்ளியில் திரையின் ஒரு கட்டம் 586 ஹெர்ட்ஸ். 32768-இல் 73 ஹெர்ட்ஸ். கட்டம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கினால் அதில் விழும் இரைச்சல் 9 டெசிபல் குறையும். கேரியர் ஒரே அதிர்வெண்ணில் நிற்பதால் அதன் உயரம் அப்படியே இருக்கும். உங்களுக்குக் கூடிய 9 டெசிபல் இதுதான்.

சரி, உண்மை அளவு? நம் நாட்டில் மத்திய அலை நிலையங்களுக்கு 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. அந்த அகலத்துக்கே கணக்கிடுங்கள். 9000-ஐ 586-ஆல் வகுத்து, மடக்கை எடுத்து, பத்தால் பெருக்கினால் 11.9. அறுபதில் கழித்தால் 48. 73 ஹெர்ட்ஸுக்கு 20.9 வரும், 69-இல் கழித்தாலும் அதே 48தான். ஹான் விண்டோ (எஃப்.எஃப்.டி.க்கு முன் சாம்பிள் தொகுப்பின் இரு ஓரங்களையும் மெல்லக் குறைக்கும் அமைப்பு) போட்டிருந்தால் மட்டும் 1.8 கூட்டிக்கொள்ளுங்கள், அதில் ஒவ்வொரு கட்டமும் ஒன்றரைக் கட்டத்து இரைச்சலைக் காட்டும்.

அளக்கும் முன் ஏ.ஜி.சி.யை, அதாவது கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) தானாகவே மாற்றும் வசதியை, அணைத்துவிடுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். அது ஓடினால் சிக்னலை அளக்கும்போது ஒரு கெயின், இரைச்சலை அளக்கும்போது வேறொரு கெயின், ஒப்பிடவே முடியாது. கெயினைக் கையால் வையுங்கள். ஆன்டெனாவைச் செருகியதும் இரைச்சல் தளம் தெளிவாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் நீங்கள் பார்ப்பது டாங்கிளின் சொந்த இரைச்சல். அதற்காக ஒரேயடியாகக் கூட்டினால் சிக்னலை எண்களாக்கும் 8 பிட் ஏ.டி.சி. நிரம்பி, இல்லாத நிலையமெல்லாம் திரையில் முளைக்கும்.

இரைச்சலைப் பகலில், பக்கத்தில் காலியாக உள்ள ஓர் அலைவரிசையில் எடுங்கள். இரவில் தூரத்து நிலையங்கள் வந்து நிரம்பிவிடும். சராசரியை டெசிபல் எண்களில் போடாதீர்கள். திறனாக மாற்றிச் சராசரி எடுங்கள், இல்லாவிட்டால் இரைச்சல் 2.5 டெசிபல் குறைவாகத் தெரியும். பலவீனமான நிலையமென்றால் இன்னொன்றும் உண்டு: நாம் அளக்கும் சிக்னலில் இரைச்சலும் கலந்தே இருக்கிறது. வித்தியாசம் 3 டெசிபல் என்றால் உண்மையான எஸ்.என்.ஆர். பூஜ்யம் டெசிபல், அதாவது சிக்னலும் இரைச்சலும் சமம். 10 வந்தால் 9.5. அதற்கு மேல் கவலையில்லை.

உங்கள் ஊரில் இதை அளக்க அருமையான நாள், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள். லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், வீட்டு யு.பி.எஸ்.ஸையும் அணைத்துவிடுங்கள். கோவையிலிருந்து சிக்னல் எப்போதும்போல் வரும். இரைச்சல் மட்டும் சட்டென்று இறங்கினால் குறை ரிசீவரில் இல்லை, அக்கம்பக்கத்து மின்சாதனங்களில். கரண்ட் வந்ததும் வீட்டு எம்.சி.பி.க்களை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்சுகள்) ஒவ்வொன்றாகப் போட்டு, எதில் இரைச்சல் ஏறுகிறது என்று பாருங்கள். எல்.இ.டி. விளக்கு, மொபைல் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள். எல்லாம் அணைந்திருந்தும் ஏறினால், அப்புறம் பக்கத்துத் தறிக்கூடத்தில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஓடுகிறதா என்று விசாரியுங்கள்.