வர்க்கக் காரணியற்ற எண்களின் இடைவெளி: கேள்வி பதில்

கேள்வி: சார், வர்க்கக் காரணியற்ற எண் என்றால் என்ன?

பதில்: 4, 9, 25, 49 என எந்தப் பகா எண்ணின் வர்க்கத்தாலும் வகுபடாத எண். 30 சேரும். 12 சேராது, அதற்குள் 4 இருக்கிறது. மொத்தத்தில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 61 எண்கள் இப்படிப்பட்டவை.

கேள்வி: தொடர்ந்து எத்தனை வரும்?

பதில்: மூன்றுதான். 33, 34, 35 மாதிரி. நான்கு எண் எடுத்தால் அதில் 4-இன் மடங்கு ஒன்று வந்துவிடும்.

கேள்வி: நூற்றுக்கு 61 இருக்கும்போது நீளமான இடைவெளி, அதாவது இப்படிப்பட்ட எண் ஒன்றுகூட இல்லாத தொடர், எப்படி வரும்?

பதில்: எவ்வளவு நீளம் கேட்டாலும் வரும். நோட்டை எடுங்கள். வரிசையாக மூன்று எண்கள். முதலாவது 4-ஆலும், அடுத்தது 9-ஆலும், மூன்றாவது 25-ஆலும் வகுபட வேண்டும். 4, 25 இரண்டையும் பொருத்தினால் முதல் எண் 48, 148, 248 என நூறு நூறாக ஏறும். ஒவ்வொன்றோடும் 1 கூட்டி 9-ஆல் வகுத்துப் பாருங்கள். 49, 149, 249, 349, 449 எதுவும் வகுபடாது. 549 வகுபடும்! ஆக 548, 549, 550. அப்புறம் 49, 121 என்று வர்க்கங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். பொதுக் காரணி இல்லாத வகுக்கும் எண்களுக்கு நாம் கேட்கும் மீதிகள் எல்லாம் ஒரே எண்ணில் அமையும் என்கிற சீன மீதித் தேற்றம் இதற்கு உத்தரவாதம் தருகிறது.

கேள்வி: 548 வரை எதற்கு? 48, 49, 50 போதுமே!

பதில்: சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. 49 என்பது 7-இன் வர்க்கம். தேற்றம் இடைவெளி உண்டு என்று மட்டும் சொல்லும், முதலில் எங்கே என்று சொல்லாது. ஐந்து எண் இடைவெளி முதன்முதலில் 844 முதல் 848 வரை. 845-இல் 13-இன் வர்க்கம், 847-இல் 11-இன் வர்க்கம்.

கேள்வி: இடைவெளிக்கு உச்சவரம்பு தெரியுமா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆயிரம் எண் நீளத்துக்கு ஒரு துண்டை எடுங்கள். 4, 9, 25 அதில் எத்தனை எண்களை அடிக்கும் (அதாவது வகுக்கும்) என்று சுலபமாகக் கணக்கிடலாம். 1009-இன் வர்க்கமோ பத்து லட்சத்தைத் தாண்டும்; இந்த ஆயிரத்தில் ஒன்றை அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம். அப்படிப்பட்ட பகா எண்கள் ஏராளம். எல்லாம் ஒரே துண்டில் வந்து குவியாது என்று நிரூபிப்பதுதான் வேலை. 1992-இல் ஃபிலசேட்டா, ட்ரிஃபோனோவ் என்ற கணிதவியலாளர்கள், ஓர் எண்ணுக்கு அருகே வரும் இடைவெளி அந்த எண்ணின் ஐந்தாம் மூலத்தை (அதாவது 1/5 அடுக்கை) அதன் மடக்கையால் பெருக்கி வரும் அளவை (ஒரு மாறிலியோடு) தாண்டாது என்று காட்டினார்கள். 2024-இல்தான் கணிதவியலாளர் மயங்க் பாண்டே ஐந்தில் ஒரு பங்கு என்ற அடுக்கையே கொஞ்சம் குறைத்தார்.

கேள்வி: உண்மையில் அவ்வளவு பெரிதாக இருக்குமா?

பதில்: இருக்காது என்றே நினைக்கிறோம். a + b = c என அமையும் எண்களின் பகாக் காரணிகளைப் பற்றிய ஏபிசி ஊகம் சரியென்றால், எவ்வளவு சிறிய அடுக்கை எடுத்தாலும் பெரிய எண்களுக்கு இடைவெளி அந்த எண்ணின் அந்த அடுக்குக்குள் அடங்கிவிடும். இதை 1998-இல் கணிதவியலாளர் கிரான்வில் நிறுவினார்.