அத்தைக்கு மட்டும் ஏன் வேறு தட்டு?

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறேன். ரஸ்ஸல் ரைட் வடிவமைத்த ‘அமெரிக்கன் மாடர்ன்’ பீங்கான் பாத்திரங்களைச் சேர்த்து வருகிறேன். இரண்டு கண்ணாடி அலமாரி நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்தால் அதில்தான் பரிமாறுவேன். ஊரிலிருந்து அத்தை (கணவரின் அம்மா) வந்திருக்கிறார். கை நடுங்குவதால் அவருக்குத் தனியாக பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் வைத்துவிட்டேன். அதில் பிரச்சினை இல்லை. கணவர்தான் ‘இனி ஒரு கிண்ணம்கூட வாங்காதே’ என்கிறார். என் ஆசையை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: சகோதரி, கணவர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அலமாரி நிறைந்துவிட்டது என்று நீங்களே எழுதுகிறீர்கள். ஒன்றை விற்றால் ஒன்றை வாங்குங்கள். மாதம் இவ்வளவுதான் என்று இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். இதில் வேறொன்றும் இல்லை.

நான் திரும்பத் திரும்பப் படித்தது அத்தையைப் பற்றிய வரியை. ‘அதில் பிரச்சினை இல்லை’ என்கிறீர்களே, யாருக்கு இல்லை? அவரைக் கேட்டீர்களா? நம் ஊரில் யாருக்குத் தனித்தட்டும் தனி டம்ளரும் வைத்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். விருந்தாளிகள் முன்னால் பவள நிறத் தட்டும் சாம்பல் நிறக் கிண்ணமும் வரிசையாக இருக்க, பெற்ற மகனின் வீட்டில் அவர் முன்னால் மட்டும் அந்த பிளாஸ்டிக் தட்டு! அவர் வாய் திறக்கமாட்டார். கொஞ்ச நாளில் ‘எனக்குப் பசியில்லை, நீங்க சாப்பிடுங்க’ என்று அறையிலேயே இருந்துவிடுவார். இப்படி அறைக்குள் ஒதுங்கிய எத்தனையோ தாய்மாரைப் பற்றி எனக்குக் கடிதங்கள் வந்திருக்கின்றன.

நீங்கள் சேர்ப்பது யாருக்காகச் செய்த பாத்திரம்? உங்கள் மாநிலத்திலேயே, ஸ்டூபன்வில் தொழிற்சாலையில் 1939 முதல் 1959 வரை செய்தார்கள். வேலையாள் வைக்க முடியாத குடும்பமும் அழகான தட்டில், ஆடம்பரமில்லாமல், நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தவர் ரைட். 1950இல் அவரும் மனைவி மேரியும் எழுதிய புத்தகத்தில் சொன்னதும் இதையேதான்: சம்பிரதாயத்தைக் குறையுங்கள், வேலையைப் பங்கு போடுங்கள், விருந்தாளியும் கூடமாட உதவட்டும். பிளாஸ்டிக்கையும் அவர் மட்டமாக நினைக்கவில்லை. 1953இல் மெலமைனில் ஒரு முழு வரிசையையே வடிவமைத்தார், குடும்பம் மொத்தமும் சாப்பிட. ஆகவே பிளாஸ்டிக்கின் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரே மேஜையில் ஒருவரை மட்டும் பிரித்து வைத்தீர்களே, அதுதான் தப்பு.

உடைந்துவிடும் என்பீர்கள். உடையட்டுமே! அந்தப் பாத்திரம் சுலபமாகச் சில்லுப் பெயரும் என்பது சேர்ப்பவருக்குத் தெரியாததா? பவளம், சாம்பல், சார்ட்ரூஸ் (மஞ்சள் கலந்த பச்சை) நிறங்களில் சாப்பாட்டுத் தட்டு இன்றைக்கும் தேடினால் கிடைக்கிறது. அரிதான பீன் பிரவுன் நிறத் தட்டு இருந்தால் அதை மட்டும் உள்ளே வையுங்கள்.

நாளைக் காலை இட்லியோ தோசையோ, வீட்டில் எல்லோருக்கும் அந்தத் தட்டிலேயே வையுங்கள். அதன் ஓரம் லேசாக மேலே வளைந்திருக்கும். நடுங்கும் கையால் துண்டைத் தள்ளி எடுக்க அது தோதாக இருக்கும். அடியில் ஈரத்துணியை விரித்தால் தட்டு நகராது. ஆனால் பழைய பாத்திரங்களின் மெருகில் ஈயம் இருக்கலாம். புளி சேர்ந்த எதையும் அதில் ஊற்றாதீர்கள். மயிரிழை போல் வெடிப்பு ஓடிய தட்டில் எதையுமே வைக்காதீர்கள். ரசம், குழம்புச் சாப்பாட்டுக்கு எவர்சில்வர் தட்டு போடுங்கள், எல்லோருக்கும்.

இன்னொன்று. கை நடுக்கத்தை டாக்டரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வருகையாளர் இன்சூரன்ஸ் பழைய நோய்களுக்குப் பெரும்பாலும் பணம் தராது என்று தயங்கினால், ஊரில் அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இந்த வாரமே வீடியோவில் பேசுங்கள். எப்போது ஆரம்பித்தது, கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறதா, கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது நடுங்குகிறதா என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல, சாப்பிடும்போது நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.