நிலத்தை விற்காதீர்கள், அம்மா

போன வாரம் நீங்கள் வந்தபோது முக்கால்வாசி நேரம் உங்கள் அண்ணன்தான் பேசினார். "நிலத்தை வித்தாவது பொண்ணை டாக்டராக்கிடணும்." நீட்டில் அரசு இடத்துக்கு மார்க் போதவில்லை என்று நீங்கள் அழுதீர்கள். பயப்படாதீர்கள் என்று அன்று சொன்னேன். இன்று அது போதாது: விற்காதீர்கள். எம்.பி.பி.எஸ். முடித்தால் மேற்படிப்புக்கு மறுபடி நீட், மறுபடி பணம். அப்போது விற்க என்ன இருக்கும்?

உங்கள் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பைக் விபத்துக்குப் பிறகு அப்பாவின் கால் எலும்பில் சீழ் பிடித்து, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் மணிகளைச் சரமாக வைத்தார்களே, அதை எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறாள். சீழ் பிடித்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, மாத்திரை சரியாகப் போய்ச் சேராது. அதற்காகத்தான் அந்த மணிகள். ஆனால் அவை கரையாது, எடுக்க இன்னோர் ஆபரேஷன். "தானே கரையிற மாதிரி செய்ய முடியாதா சார்?"

அந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது, பயோமெட்டீரியல்ஸ்: உடலுக்குள் வைக்கும் பொருட்களைப் பற்றிய படிப்பு. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல எலும்புக்கும் கட்டுகிறார்கள். சுமார் 60 டிகிரியில் உருகும் பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்கோடு எலும்பின் தாதுவையும் கலந்து, 3டி பிரின்டரில் நூல் நூலாக அடுக்குவார்கள். இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது; அதற்குள் ரத்தக்குழாயும் செல்களும் நுழைந்து எலும்பு வளர வேண்டும். சாரம் இரண்டு மூன்று வருடத்தில் கரைந்துவிடும். மருந்தைச் சேர்ப்பதில்தான் வம்பு: சூட்டில் சில மருந்துகள் கெடும், மேலே பூசினால் முதல் சில நாளிலேயே பெரும்பகுதி கொட்டிவிடும். வாரக்கணக்கில் கசிய வைக்க வேண்டும். மருந்தில்லாத சாரங்கள் மண்டையோட்டுத் துளைகளை அடைக்க ஏற்கெனவே பயன்படுகின்றன. மருந்து விடுபவை பெரும்பாலும் இன்னும் ஆய்வகத்தில்தான்.

பிளஸ் டூவில் கணக்கும் இருப்பதால் பி.இ.யில் பயோமெடிக்கலோ மெட்டீரியல்ஸோ எடுக்கலாம். அப்புறம் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி, ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். நம் நாட்டு செயற்கை இதய வால்வு அந்தத் திருவனந்தபுரம் நிறுவனத்தில் உருவானதுதான். 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். ஆராய்ச்சிக்குப் போனால் ஜே.ஆர்.எஃப். என்ற உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய்.

பி.இ. முடித்த கையோடு பெரிய சம்பளம் வராது, அதையும் மறைக்கவில்லை. படிப்பும் நீளம். அடுத்த முறை அண்ணனை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். அவள் பேசட்டும்.