வலது கை அசையவில்லை, மறுபடி கிணற்றில் நீந்த முடியுமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 31. திண்டுக்கல் பக்கம் கிராமம். இரண்டரை வருடத்துக்கு முன்பு பைக்கிலிருந்து விழுந்ததில் வலது தோளில் நரம்புகள் அறுந்துவிட்டன. ஐந்தாவது மாதம் நரம்பு ஆபரேஷன் செய்தார்கள். இப்போது முழங்கை ஓரளவு மடங்குகிறது. மணிக்கட்டும் விரல்களும் அசைவதில்லை, தொட்டாலும் தெரிவதில்லை. முன்பெல்லாம் கிணற்றில் நீந்துவேன், சாயங்காலம் வாலிபால் ஆடுவேன், லீவு நாளில் கண்மாயில் தூண்டில் போடுவேன். இப்போது வேலைக்குப் போய் வருவதோடு சரி. எதற்குக் கிளம்பினாலும் என் மனைவி, "இருக்கிற கைக்கும் ஏதாவது ஆகிவிடும்" என்று தடுக்கிறாள். ஒரு கையை வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியுமா, ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டாம். தூண்டிலை வருகிற ஞாயிற்றுக்கிழமையே எடுக்கலாம். நீச்சலும் முடியும், ஆனால் கிணற்றுக்கு முன்னால் சில படிகள் இருக்கின்றன. வாலிபால் மட்டும் பழைய மாதிரி ஆட முடியாது. அதற்கு வேறு வழி சொல்கிறேன்.

முதலில் உங்கள் கையைப் பற்றி. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, தோளுக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கைக்கு இறங்குகின்றன. பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்று உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார். பைக்கிலிருந்து விழும்போது தோள் தரையில் மோதி, தலை எதிர்ப்பக்கம் போனால் இந்தப் பின்னல் இழுபட்டு அறுந்துவிடும். சில சமயம் வேரோடு பிய்ந்துவிடும். ஆபரேஷன் செய்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒன்றரை வருடத்துக்கு மேல் நரம்பு வந்து சேராத தசை, பிறகு வந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளும் திறனை இழந்துவிடுகிறது. அதனால் முழங்கைக்குப் பயிற்சி கொடுத்து இன்னும் பலம் ஏற்றலாம். விரல்கள் தாமாகத் திரும்பும் வாய்ப்பு இனி மிகக் குறைவு. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் "கை சரியானதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூன்று வருடம், நாலு வருடம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிக் காத்திருக்க வேண்டாம்.

இனி எந்த வேலையை எடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதில் இரண்டாவது கை என்ன செய்துகொண்டிருந்தது? பெரும்பாலும் பதில் ஒன்றுதான். பிடித்துக்கொண்டிருந்தது. வெங்காயம் உருளாமல் பிடித்தது, தட்டு நகராமல் பிடித்தது, பாட்டில் சுற்றாமல் பிடித்தது. பிடிப்பதற்குக் கைதான் வேண்டும் என்றில்லை. நம் வீட்டு அரிவாள்மனையையே பாருங்கள். காலால் அமுக்கிக்கொள்கிறோம், கத்தி அசையாமல் நிற்கிறது, காயைத்தான் நகர்த்துகிறோம். ஒரு கையால் கத்தரிக்காய் நறுக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. தட்டுக்கு அடியில் ஈரத்துணி, தொடைகளுக்கு நடுவில் பாட்டில், மேசை ஓரத்தில் ஒரு கிளாம்ப். உங்களுக்கு முழங்கை மடங்குகிறது என்பதும் பெரிய சொத்து. துணிப்பையை மாட்டிக்கொள்ளலாம், ஃபைலை இடுக்கிக்கொள்ளலாம். பல்லை மட்டும் இன்னொரு கையாக ஆக்கிவிடாதீர்கள். அவசரத்தில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், முன்பல் தேய்ந்து உடைந்த பிறகு வந்து நிற்கிறார்கள்.

உங்களுக்குப் போனது வலது கை. பிடிக்கிற கை தங்கி, செய்கிற கை போய்விட்டது. அதனால் இடது கை புதிதாகத் தொழில் கற்க வேண்டும். அது மந்தமான கை இல்லை, பழகாத கை, அவ்வளவுதான். ஹங்கேரி ராணுவத்தில் இருந்த துப்பாக்கி சுடும் வீரர் கரோலி டகாக்ஸுக்கு 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்தது. அவர் இடது கையால் சுடப் பழகி 1948 லண்டன், 1952 ஹெல்சின்கி என இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார். நீங்கள் கேரம் போர்டிலிருந்து தொடங்குங்கள். முழுக்க ஒரே கையால் ஆடும் ஆட்டம் அது. முதல் மாதம் ஸ்ட்ரைக்கர் கண்ட பக்கம் போகும். தினமும் அரை மணி நேரம் ஆடினால் விரலுக்குப் பிடிபட்டுவிடும். கூடவே அரைப்பக்கம் இடது கையால் எழுதுங்கள்.

சரி, தூண்டில். கம்பைப் பிடிப்பது பிரச்சினை இல்லை. ஒன்றரை அடி பிவிசி குழாயைக் கரையில் சாய்வாக அடித்து அதில் செருகிவிடலாம். முள்ளில் மண்புழு ஏற்றுவதுதான் சிக்கல். ஒரு தெர்மாகோல் துண்டில் சின்னதாகக் கீறி, அதன் மேல் கல் வைத்து அமுக்கிக்கொள்ளுங்கள். முள்ளின் வளைவு அந்தக் கீறலுக்குள் போகும்படி செருகினால் முனை மேலே பார்த்து நிற்கும். இப்போது இடது கையால் புழுவை எடுத்து மெதுவாக ஏற்றலாம். மீன் விழுந்தால் ஈரச் சாக்கில் போட்டு முழங்காலால் அமுக்கிக்கொண்டு முள்ளைக் கழற்றுங்கள். ஒரே கவனம், உணர்ச்சியில்லாத வலது கையை முள் பக்கம் விடக் கூடாது. கெளுத்தியின் முள் குத்தினால் விஷம், உங்களுக்கோ குத்தியதே தெரியாது. அந்தக் கைக்கு ஒரு தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நீச்சல். ஆரம்பிக்கும் முன் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். நெஞ்சு விலா நரம்புகளை எடுத்து முழங்கைத் தசைக்கு மாற்றியிருந்தால், இருமும்போதோ மூச்சை ஆழமாக இழுக்கும்போதோ முழங்கை தானாக மடங்கும். தண்ணீருக்குள் மூச்சு இழுக்கும்போதும் அப்படி நடக்கலாம், பயப்பட வேண்டாம். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பை எடுத்திருந்தால் மட்டும், நுரையீரல் பரிசோதனை செய்து மூச்சுத் திறனைப் பார்த்த பிறகே நீச்சல். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது எப்படியும் நல்லது.

கிணற்றில் தொடங்காதீர்கள். நெஞ்சளவு தண்ணீர் உள்ள நீச்சல் குளத்தில், நீந்தத் தெரிந்த ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்கும்போது தொடங்குங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர் என்பதாலேயே உங்களுக்கு ஆபத்து அதிகம். உடம்பு பழைய கணக்கை நினைவில் வைத்திருக்கிறது, தோளில் அந்தக் கணக்கு இல்லை. முதல் வாரம் மல்லாந்து மிதப்பது மட்டும். எந்த நிலையிலிருந்தும் புரண்டு மல்லாந்து மிதக்க முடிகிறது என்ற நம்பிக்கை வர வேண்டும். அப்புறம் கால் உதைப்பு. அப்புறம்தான் கை. இடது கையால் மட்டும் இழுத்தால் உடம்பு வலப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும். கையை அகலமாக வீசாமல், நெஞ்சுக்கு நேர் கீழே இழுத்து, காலை அதிகம் நம்பினால் நேராகப் போகலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது கையைத் தொடை மேல் கிடத்தி, கத்தரிக்கோல் போலக் காலை அடித்துப் போவது உங்களுக்கு மிகவும் சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வலது கை தண்ணீரில் அலைபாயாமல் இருக்க இறுக்கமான முழுக்கை நீச்சல் சட்டை போதும். இன்னும் வேண்டுமானால் வெல்க்ரோ பட்டை. துண்டாலோ கயிற்றாலோ முடிச்சுப் போட்டு உடம்போடு கட்டவே கூடாது, அவசரத்தில் ஒரு கையால் அவிழ்க்க முடியாது.

குளத்தில் நூறு மீட்டர் நிற்காமல் போக முடிந்த பிறகு கிணற்றைப் பற்றிப் பேசலாம். அப்போதும் மேலேயிருந்து குதிப்பது இல்லை. தோள் மூட்டைச் சுற்றி இழுத்துப் பிடிக்க உங்களுக்குத் தசை பலம் கிடையாது. தண்ணீரில் விழும் வேகத்தில் கை மேலே வீசப்பட்டால் மூட்டு நழுவிவிடும். படியில் இறங்குங்கள். இன்னொன்று, கிணற்றில் இறங்குவதைவிட ஏறுவதுதான் கஷ்டம். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல், பாசி, நனைந்த ஒற்றைக் கை. ஒரு காலை எடுத்து மேல் கல்லில் வைக்கும் நொடியில் உங்கள் பாரம் முழுவதும் அந்தக் கையில்தான் நிற்கும். அகலமான படிக்கட்டு உள்ள கிணறு என்றால் சரி. படிக்கல் மட்டும் இருக்கிற கிணறு என்றால், என் கருத்தில் அது இனி உங்களுக்கு இல்லை. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. சின்ன வயதில் லாரி டியூப்பை மாட்டிக்கொண்டுதானே கற்றுக்கொண்டோம்!

வாலிபாலில் சர்வீஸ் போடலாம், ஒரு கையால் அடிக்கலாம். பந்தை வாங்குவதும் தடுப்பதும் இரண்டு கை வேலை. வலைக்கு அருகே எகிறி விழும்போது ஊன்ற ஒரு கைதான் இருக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதில் பேட்மிண்டன். பாரா பேட்மிண்டனில் கை பாதிப்பு உள்ளவர்களுக்கு எஸ்யூ5 என்றே ஒரு பிரிவு இருக்கிறது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் அந்தப் பிரிவின் பெண்கள் ஒற்றையர் ஆட்டத்தில் வெள்ளியும் வெண்கலமும் தமிழ்நாட்டுக்கு வந்தன. வெள்ளி துளசிமதி முருகேசனுக்கு, வெண்கலம் மனிஷா ராமதாஸுக்கு. மனிஷாவுக்குப் பிறக்கும்போதே பாதிக்கப்பட்டது, உங்களுக்கு அறுந்த அதே தோள் நரம்புப் பின்னல்தான். சர்வீஸுக்கு, மட்டையைப் பிடித்திருக்கும் கையின் விரல்களிலேயே இறகுப்பந்தைக் கிள்ளிப் பிடித்து, விட்ட கணத்தில் அடிக்கப் பழகலாம். டேபிள் டென்னிஸ் பிடிக்கும் என்றால், உடல் குறைபாட்டால் விதிப்படி சர்வீஸ் போட முடியாதவர்களுக்கு நடுவர் அந்த விதியைத் தளர்த்தலாம் என்று ஆட்ட விதியிலேயே இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் போட்டிகள் நடக்கின்றன. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். ஓடும்போதும் ஆடும்போதும் மட்டும் வலது கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் (ஸ்லிங்) போட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் போட்டால் தோளும் முழங்கையும் இறுகிவிடும்.

உங்கள் மனைவி சொல்வதில் ஒரு பாதி சரி. இடது கை இன்னும் நாற்பது வருடம் இரண்டு கை வேலையைச் செய்ய வேண்டும். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால், முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால், கையைத் தூக்கும்போது தோள் வலித்தால் அன்றே வேலையைக் குறைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். குடத்தைப் பாதி நிரப்பித் தூக்குங்கள். மண்வெட்டி, மட்டை, கத்தி எல்லாவற்றின் பிடியிலும் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிமனாக்கினால் விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் கையைப் பொத்தி வைத்துக் காப்பாற்ற முடியாது. முதுகும் தோள்பட்டையும் பலமாக இருந்தால்தான் அந்தக் கை தாங்கும். அந்தப் பலம் நீச்சலிலும் விளையாட்டிலும்தான் வரும். வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

வலது கையை ஒவ்வொரு நாளும் விளையாடி முடித்ததும் கண்ணால் பாருங்கள். சிராய்ப்பு, கொப்புளம், வெயிலில் சுட்ட சிவப்பு எதுவும் உங்களுக்கு வலிக்காது. பைக் சைலென்சரில் பட்டு வெந்தது தெரியாமலே வந்தவர்கள் உண்டு.

நீங்கள் எழுதாத இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். ஒன்று வலி. இந்த வகை விபத்தில், உணர்ச்சியில்லாத அதே கையில் எரிச்சலும் கரண்ட் அடிப்பது போன்ற வலியும் பலருக்கு வரும். மனம் ஊன்றி ஒன்றைச் செய்யும்போது அது குறைவதாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தூண்டில், கேரம் இரண்டும் அந்த விதத்திலும் மருந்துதான். வலிக்காகப் பிரிகாபலின், கபபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் தலைசுற்றலும் தூக்கமும் வரும். அந்த மயக்கம் இருக்கும் நேரத்தில் தண்ணீரில் இறங்காதீர்கள், மாத்திரை நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, சாப்பாடு. வலது கை போனவர்களில் பலர் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். பந்தியில் இடது கையால் சாப்பிட வேண்டும், மொய்யை இடது கையால் கொடுக்க வேண்டும் என்பதுதான் காரணம். விளையாட்டு விட்டுப்போவதும் பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது. நான்கு பேர் பார்க்கிற இடமே வேண்டாம் என்றாகிவிடுகிறது. இடது கையாலேயே சாப்பிடுங்கள், கொடுங்கள், வாங்குங்கள். உங்களுக்கு இருக்கிற நல்ல கை அதுதான். யாராவது ஏதாவது கேட்டால் விபத்து என்று ஒரு வார்த்தை போதும். சங்கடமாக இருந்தால் ஸ்பூன் எடுத்துப் போங்கள்.

மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, சென்னை வந்தால் கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனையிலோ பிசியோதெரபிஸ்ட்டையும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையும் ஒரு முறை பாருங்கள். தூண்டில், கேரம், நீச்சல் என்று உங்களுக்கு எது வேண்டுமோ அதைச் சொல்லியே கேளுங்கள். "கைக்குப் பயிற்சி" என்று மட்டும் கேட்டால் பயிற்சி மட்டும்தான் கிடைக்கும்.

நீச்சல் குளத்துக்கு முதல் நாள் உங்கள் மனைவியையும் கூட்டிப் போங்கள். நீங்கள் மல்லாந்து மிதப்பதை அவர் ஒரு தடவை கரையில் நின்று பார்க்கட்டும். அதற்கு முன்னால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை எனக்கு அனுப்புங்கள். எந்த நரம்பை எடுத்து மாற்றினார்கள் என்று பார்த்துவிட்டு, குளத்தில் இறங்கலாமா என்று எழுதுகிறேன்.