பட்டம் யார் பெயரில் வரும்? பெங்களூர் தனியார் கல்லூரிகள் பற்றிக் கேள்வி பதில்

பெங்களூரில் சின்ன தனியார் கல்லூரிகளின் அட்மிஷன் ஆபீஸில் பல வருடம் இருந்தேன், இப்போது கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலை. அதனால் இரண்டு பக்கமும் தெரியும். பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து ஒரு அம்மா: மாரத்தஹள்ளி பக்கம் ஒரு கல்லூரி. போர்டில் ‘யுஜிசி அங்கீகாரம், ஐஎஸ்ஓ 9001’ என்று இருக்கிறது. பையனை பிபிஏ சேர்க்கலாமா?

ஐஎஸ்ஓவை விட்டுவிடுங்கள் அம்மா. நிர்வாக நடைமுறைக்கு எந்த நிறுவனமும் வாங்கிக்கொள்ளும் சான்றிதழ் அது, பாடம் எப்படி நடக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மூன்று வருடம் கழித்து கையில் வரும் பட்டத்தில் யார் பெயர் இருக்கும் என்பதுதான். 1956 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி பல்கலைக்கழகமோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ நாடாளுமன்றச் சட்டம் அதிகாரம் தந்த நிறுவனமோதான் பட்டம் கொடுக்க முடியும். சின்ன கல்லூரி என்றால் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்க வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டு வாங்கி, பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் இணைப்புக் கல்லூரிகள் பட்டியலை நீங்களே பாருங்கள். கல்லூரி பெயர் இருந்தால் மட்டும் போதாது, பிபிஏ என்ற படிப்பும் இந்த வருடத்துக்கு அதில் இருக்க வேண்டும். 2024-25 முதல் பிபிஏ, பிசிஏ இரண்டுக்கும் ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்) அனுமதியும் தேவை, அதையும் ஏஐசிடிஇ தளத்திலேயே பார்க்கலாம். ‘அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்’ என்று சொன்னால், வந்த பிறகு சேர்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கே.ஆர்.புரம்: வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் ரெகுலர் டிகிரி, ஆனால் வகுப்பு இங்கேயே என்கிறார்கள். சரியா அக்கா?

வேண்டாம் தம்பி. ஒரு மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் இன்னொரு மாநிலத்தில் தனியார் ஆளிடம் கிளை கொடுத்து ரெகுலர் படிப்பு நடத்த முடியாது. அரசுப் பல்கலைக்கழகமே இதில் மாட்டியிருக்கிறது. மைசூரில் இருக்கும் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாநிலத்துக்கு வெளியே தனியார் நிறுவனங்களை வைத்துப் படிப்பு நடத்தியதால் 2015இல் யுஜிசி அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது, 2018இல்தான் திரும்பக் கிடைத்தது. இடையில் தவித்தது பிள்ளைகள்தான்.

அல்சூர்: தங்கைக்கு ஏவியேஷன் டிப்ளமோ, கேபின் க்ரூ (விமானப் பணிப்பெண்) ஆகலாம், நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்கிறார்கள். கம்பெனி பெயர் பிரைவேட் லிமிடெட். தனியார் லாபத்துக்கு நடத்துவது என்றாலே மோசமா?

அப்படி இல்லை. நம் நாட்டில் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிகளைப் பொதுவாக டிரஸ்டோ சொசைட்டியோ லாப நோக்கமில்லாத கம்பெனியோதான் நடத்துகின்றன. பிரைவேட் லிமிடெட் என்றால் அது பயிற்சி நிலையம், அவ்வளவுதான். டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), அனிமேஷன் போன்றவற்றை நன்றாகச் சொல்லித் தரும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே வாங்குவது திறமை, சான்றிதழ் அல்ல என்ற தெளிவோடு போக வேண்டும். ரசீதைப் பாருங்கள், 18% ஜிஎஸ்டி போட்டிருக்கிறதா? சட்டம் அங்கீகரித்த தகுதிக்கான படிப்புக்கு அந்த வரி கிடையாது. வரி போட்டிருந்தாலே பதில் கிடைத்துவிட்டது.

கேபின் க்ரூ வேலைக்கு விமான நிறுவனங்கள் பிளஸ் டூ முடித்தவர்களையே நேர்காணலில் எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கின்றன. டிப்ளமோ இருந்தால்தான் எடுப்பார்கள் என்பது பொய். வேலை உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் நிலையங்களுக்கு விதி போட்டிருக்கிறது. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எஜிபுரா, ஆட்டோ ஓட்டும் ஒரு அப்பா: மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். ஏஜென்ட் ஒரு கல்லூரி சொல்கிறார்.

அண்ணா, ஏஜென்டுக்குக் கல்லூரி கமிஷன் கொடுக்கிறது, அது உங்கள் ஃபீஸிலிருந்துதான் போகிறது. பிஎஸ்சி நர்சிங் என்றால் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் பட்டியல், அதோடு மாநில நர்சிங் கவுன்சில், இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியல்கள் எல்லாவற்றிலும் பெயரைத் தேடுங்கள். அப்புறம், கிளினிக்கல் பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். சொன்ன ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் காலையில் மகளோடு போய், வார்டில் இருக்கும் சிஸ்டரிடம் ‘இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் இங்கே வருகிறார்களா’ என்று கேளுங்கள். வாரம் எத்தனை நாள், எந்த வார்டு என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள். யோசித்தால், கேள்விப்பட்டதில்லை என்றால், அந்தக் கல்லூரியில் பிள்ளை ஊசி போடப் பழகுவது பொம்மை மேல்தான். பிறகு தமிழ்நாட்டில் வேலை பார்ப்பதாக இருந்தால் அங்குள்ள கவுன்சிலிலும் பதிவு செய்ய வேண்டும், பதிவுக்குக் கல்லூரியின் அங்கீகாரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பொம்மனஹள்ளி: இன்றே 25,000 கட்டி, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்தால்தான் சீட் என்கிறார்கள்.

ஒரிஜினலைக் கொடுக்காதே தம்பி. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே சொல்லிவிட்டது. அதே அறிவிப்பில் பணம் திரும்பும் கணக்கும் இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசி தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுப் பணமும், பிடித்தம் அதிகபட்சம் 5,000 ரூபாய். அந்தப் 15 நாளுக்குள் 90%, தேதி தாண்டி 15 நாள் வரை 80%, 30 நாள் வரை 50%, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சில வருடங்களில் இன்னும் தாராளமாகத் தனித் தேதியும் அறிவித்திருக்கிறார்கள், இந்த வருட அறிவிப்பைப் பார். பயிற்சி நிலையங்களுக்கு இந்த விதி பொருந்தாது, அங்கே அவர்கள் எழுத்தில் கொடுப்பது மட்டுமே உனக்குப் பிடிமானம்.

‘வட்டியில்லா இஎம்ஐ’ என்று போனில் ஓடிபி கேட்டால் நிறுத்து. அது உன் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். பணம் முதலிலேயே நிலையத்துக்குப் போய்விடும், நீ பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

ஸ்ரீராமபுரம்: நேரில் போனால் எதைப் பார்ப்பது?

அவர்கள் அழைக்கும் நாளில் போகாதீர்கள். சாதாரண செவ்வாய், புதன்கிழமை பதினொரு மணிக்குப் போங்கள், அப்போது வகுப்பு நடந்தாக வேண்டும். கம்ப்யூட்டர் லேபைக் காட்டினால் நான்கைந்து மெஷினை நீங்களே ஆன் செய்து பாருங்கள், திரையைத் தொட்டால் விரலில் தூசி ஒட்டுகிறதா என்றும். எதிரில் இருக்கும் டீக்கடையில் இரண்டாம் வருடப் பிள்ளைகள் இருப்பார்கள். ‘கல்லூரி நல்லா இருக்கா’ என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். அதனால் ‘போன செமஸ்டரில் உனக்கு அக்கவுண்ட்ஸ் எடுத்தவர் இப்போதும் இருக்கிறாரா’ என்று கேளுங்கள். பாடத்துக்கு மூன்று ஆசிரியர் மாறியிருந்தால் அங்கே சம்பளம் ஒழுங்காக வரவில்லை என்று அர்த்தம், நான் உள்ளே இருந்து பார்த்தது இது. பிளேஸ்மென்ட் பட்டியல் கேட்டால் போட்டோ ஒட்டிய ஃபிளெக்ஸைக் காட்டுவார்கள். போன வருட பேட்ச் முழுவதன் பட்டியலையும் கேட்டு, அதில் நீங்களாக மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து லிங்க்ட்இனில் தேடிப் பேசுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் பார்ப்பது, இந்தக் கல்லூரியிலிருந்து முன்பு வந்தவர் ஆறு மாதம் தாண்டி நின்றாரா என்பதைத்தான்.

பணம் கட்டும்போது செக்கோ ஆன்லைனோ, கல்லூரியின் அல்லது டிரஸ்டின் கணக்குக்கு மட்டும் போடுங்கள். ரசீது எண் இல்லாத டொனேஷன் கேட்டால் கொடுக்காதீர்கள், நன்கொடை வாங்கிச் சேர்ப்பதைத் தடை செய்யும் சட்டம் கர்நாடகத்தில் 1984லிருந்தே இருக்கிறது.