பாதியில் மூடிய நாவல்

அன்புள்ள ஆலோசகருக்கு,

குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 36. லுங்கித் தறிக்குத் தார் சுற்றுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிகொண்டா பக்கம் எங்கள் பைக் மீது லாரி மோதியது. பின்னால் இருந்த நான் பிழைத்தேன். அவர் போய்விட்டார்.

போன மாதம் நூலகத்தில் ஒரு நாவல் எடுத்தேன். விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கதை. பிள்ளையின் அழுக்குச் சட்டையை அவள் துவைக்காமலே மடித்து வைக்கிற இடத்தில் கோவென்று அழுதேன். மனசு லேசானது. ஆனால் விபத்து நடக்கும் அத்தியாயத்தில் கை நடுங்கியது, டீசல் நாற்றம் அடித்தது, பிரேக் சத்தம் நிஜமாகவே காதில் கேட்டது. மூடி வைத்துவிட்டேன். கடைசியைப் புரட்டினால் ஒரே வருடத்தில் தேறி வேலைக்குப் போகிறாள். நான் ஏன் தேறவில்லை? "அழுகிற கதையை எதுக்கும்மா படிக்கிற" என்கிறார் மாமியார். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

வாசகி

அன்புச் சகோதரி,

பைத்தியம் இல்லை. சட்டைக்கு அழுதது துக்கம். அது அழ அழக் கொஞ்சம் இறங்கும். டீசல் நாற்றம் அடித்தது அதிர்ச்சி. அந்த நிமிஷம் முடிந்துபோனது என்பதை உடம்பு இன்னும் நம்பவில்லை. போர் முடிந்து திரும்பிய வீரர்களிடமும் மருத்துவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1980இல் இதற்கு நோய்ப்பட்டியலில் தனி இடமே கொடுத்தார்கள். வைத்தியம் உண்டு.

அந்த ஒரு வருடக் கணக்கை விட்டுவிடுங்கள். "மூன்று மாதம் கழித்து" என்று ஒரு வரி எழுதினால் நாவலில் தொண்ணூறு ராத்திரி போய்விடும். நீங்கள் அத்தனையையும் புரண்டு புரண்டுதான் கழித்திருக்கிறீர்கள்.

நாவலைப் படிக்கலாம். விபத்து அத்தியாயத்தைத் தாண்டிப் போங்கள், தப்பே இல்லை. பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது படியுங்கள். நடுக்கம் வந்தால் பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். மாமியார் மீது கோபம் வேண்டாம். அவரும் மகனைப் பறிகொடுத்தவர், உங்கள் அழுகை அவரையும் உலுக்குகிறது. சட்டை வருகிற பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டிப் பாருங்களேன்.

அப்புறம், இரண்டு வருடமாகியும் உடம்பு இப்படிப் பதறுகிறது என்றால் நேரில் காட்டியே ஆகவேண்டும். கடிதத்தில் தீராது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். அதற்கு முன் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.